பொசித்தானோவில் இறங்குமிடம்

எர்சிலியாவுக்கு அறுபத்தோராவது வயதில் லைசென்ஸ் கிடைத்தது. அதுவும் மூன்றாவது முயற்சியில். முதல் தடவை இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னபோது பின்னால் இருந்த குப்பைத் தொட்டியை அவள் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை ரவுண்டானாவில் வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டே அங்கேயே நின்றுவிட்டாள். மூன்றாம் தடவை ஒருத்தருக்கும் வழி விடவில்லை. தேர்வு அதிகாரி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் பாஸ்தாவை மேஜையில் வைத்துக்கொண்டே கணவனிடம் சொன்னாள்.

"வியாழக்கிழமை பொசித்தானோ போறோம்."

சவேரியோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். "யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"அப்ப நீ போற. 'போறோம்'னு சொல்லாத."

"நீயும் வர்ற. முன் சீட்டுல உக்காந்து."

"எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு, எர்சிலியா."

"இருக்கா? ஒரு வருஷமா அந்த பால்கனி நாற்காலிய விட்டு நீ எழுந்திருக்கல. ஆசை இருக்கற ஆளு மாதிரி தெரியலயே."

அவன் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். பாஸ்தாவில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னான்.

சவேரியோ முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சுற்றுலா பஸ் ஓட்டியவன். ஜெர்மன்காரர்கள், ஜப்பான்காரர்கள், அமெரிக்கப் பெரியம்மாக்கள் என்று பாதி உலகத்தையே அந்தக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். காலையில் நேப்பிள்ஸ் ஓட்டல்களில் ஆட்களை ஏற்றுவான். சொரெந்தோ, பொசித்தானோ, அமால்ஃபி என்று மலை விளிம்பிலேயே வந்து சாயங்காலம் சலெர்னோவில் இறக்கிவிடுவான். வீடும் சலெர்னோவில்தான். வேலை முடிந்தால் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். யாரோ மறந்துவிட்டுப்போன தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெளிநாட்டு மிட்டாய் என்று ஏதாவது கையில் இருக்கும். சாப்பாட்டு மேஜையில் கதை நடக்கும். இன்றைக்கு விரிகுடாவில் எத்தனை பெரிய படகு நின்றது, எந்த நடிகை எந்தப் பாறைக்கு மேலே பங்களா கட்டுகிறாள் என்றெல்லாம் சொல்வான். பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்கப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த எர்சிலியா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு கோடையிலும் அவள் கேட்பாள்: "ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போயேன்." ஒவ்வொரு கோடையிலும் அவன் சொல்வான்: "வாரத்துல ஆறு நாள் அதே ரோடு. ஏழாவது நாளும் அங்கதானா?" தட்டு வாங்க வியெத்ரி வரைக்கும் அவள் போனதுண்டு. ஒரு கல்யாணத்துக்கு செத்தாரா போனாள். அன்றைக்கு முழுக்க மழை. அதற்கு அப்பால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த எதையும் அவள் பார்த்ததில்லை.

அப்புறம் அவன் கண்ணுக்கு வந்தது. கண் அழுத்த நோய் என்றார்கள். பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்து, கடைசியில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் ஒரு வட்டம்தான் மிஞ்சியது. அந்த வட்டத்துக்குள் எல்லாம் தெளிவாகத் தெரியும். வெளியே ஒன்றுமே இல்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். ஒரு நாள் சந்தையில் மீன் பெட்டிகளின் மேல் மோதி மத்தி மீன் தெருவெல்லாம் சிதறியது. மீன்காரன் திட்டியிருந்தால் பரவாயில்லை. "விடுங்கப்பா, பாவம், அவருக்குக் கண்ணு தெரியாது" என்றான். அன்றைக்கு பால்கனியில் உட்கார்ந்தவன்தான். கீழே போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, "இவன் கிளட்ச்ச கொல்றான்" என்று சொல்வதே அவன் பிழைப்பாகிவிட்டது.

புருஷனைத் தேற்றத்தான் எர்சிலியா கார் கற்றுக்கொள்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை. அவளுக்குத் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. முப்பது வருஷம் அவன் மட்டும் பார்த்துவிட்டான் என்ற கோபமும் உள்ளே இருந்தது.

போலோன்யாவிலிருந்து மகள் லொரெதானா போனில் கத்தினாள். "அம்மா, அந்த ரோட்டுல பஸ் டிரைவருங்களே திணறுவாங்க! ரயில்ல எங்கயாவது போங்களேன்."

"ரயில் பொசித்தானோ போகாது."

"அப்ப வேற ஊருக்குப் போங்க!"

"வேற ஊரு எனக்கு வேண்டாம்டீ" என்று எர்சிலியா போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை. பள்ளி விடுமுறை இன்னும் தொடங்கவில்லை. கூட்டம் அதிகம் இருக்காது. மைத்துனனிடமிருந்து வாங்கிய பழைய சின்ன கார். சவேரியோ கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தான். பஸ் ஓட்டின நாட்களில் போட்ட அதே டை. எர்சிலியா அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வியெத்ரி தாண்டியதுமே தொடங்கினான்.

"ரெண்டாவது கியர். ரெண்டாவது! இஞ்சின் அழுவுது, காது கேக்கலயா?"

"அழட்டும். அதுவும் வயசானது."

"ஹாரன் அடி. திருப்பத்துக்கு முன்னாடி அடிக்கணும்."

"அடிச்சேன்."

"அது ஹாரனா? தும்மல் மாதிரி இருக்கு. நல்லா அழுத்து."

"இன்னொரு வார்த்தை பேசினா செத்தாராவுல இறக்கிவிட்டுடுவேன்."

அவன் பேச்சை நிறுத்தவில்லை, விதத்தை மாற்றிக்கொண்டான். வழி சொல்லத் தொடங்கினான். "இப்ப வலது பக்கம் ஒரு திருப்பம் வரும். கூர்மையா. பிரேக்க தயாரா வச்சுக்க." திருப்பம் இடது பக்கம் வந்தது. "அடுத்தது இறக்கம்" என்றான். ஏற்றமாக இருந்தது. எர்சிலியா தன் கண்ணை நம்பி ஓட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பக்கம் முழுக்கப் பாறைச் சுவர்தான்.

"கடல் எங்க போச்சு?" என்று கேட்டான்.

"என் பக்கம் இருக்கு."

"எனக்கு எப்பவும் வலது பக்கம் இருக்கும்."

அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. பெரிய பஸ்களுக்கு அந்தச் சாலையில் ஒரே திசைதான். பொசித்தானோவிலிருந்து வரலாம், அங்கே போகக் கூடாது. முப்பது வருஷமும் அவன் ஒரே பக்கமாக, கடல் விளிம்பை ஒட்டியே வந்திருக்கிறான். எதிர்ப் பக்கத்திலிருந்து அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. மனப்பாடமாக வைத்திருந்ததெல்லாம் தலைகீழாகிவிட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

செத்தாராவில் நிறுத்தினாள். "இறங்கு."

"நீ போயிட்டு வா. நான் வண்டிய பாத்துக்கறேன்."

"வண்டிய எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?"

"நான் இங்க இருக்கேன், எர்சிலியா."

கெஞ்சுவதற்கு அவள் வரவில்லை. தனியாகவே போனாள். சின்னத் துறைமுகம்; வலை உலர்த்துகிறவர்கள்; கரையோரம் பழைய காவல் கோபுரம். ஒரு கடையில் காகிதக் கூம்பில் நெத்திலி பொரித்துக் கொடுத்தார்கள். கடல் சுவரில் உட்கார்ந்து, எலுமிச்சையைப் பிழிந்து, விரலைச் சுட்டுக்கொண்டு தின்றாள். காலை வெயில் முழங்காலில் விழுந்தது. எண்ணெய்க் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டபோது, இன்றைக்கு யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு கூம்பு வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பினாள். சவேரியோ ஒன்று விடாமல் தின்றுவிட்டு, "ஆறிப்போச்சு" என்றான்.

"இறங்கி வந்திருந்தா சூடா கிடைச்சிருக்கும்."

செத்தாராவுக்கு அப்பால் மலை கடலுக்குள் மூக்கை நீட்டுகிற இடம் ஒன்று உண்டு. சாலை அங்கே அதன் நெற்றியைச் சுற்றிக்கொண்டு போகும். எர்சிலியா ஹாரனை நீளமாக அழுத்திவிட்டுத்தான் திரும்பினாள். திரும்பியதும் முன் கண்ணாடி முழுவதையும் ஒரு வெள்ளை பஸ் அடைத்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வரிசை. இவளுக்குப் பின்னால் இரண்டு கார், ஒரு ஸ்கூட்டர். யாராவது பின்வாங்க வேண்டும். பஸ்ஸால் முடியாது.

ஹாரன்கள் ஆரம்பித்தன. சவேரியோ கதவைத் திறக்கப் போனான். "இறங்கு. நான் எடுக்கறேன்."

"எத எடுப்ப? பக்கத்துல உக்காந்திருக்கற என்னையே உனக்கு முழுசா தெரியாது!"

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் கை கதவிலிருந்து மெதுவாக இறங்கியது. ஆனால் அதற்கு நின்று வருத்தப்பட நேரம் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் கத்தினாள். "பின்னாடி போங்க! எல்லாரும் பின்னாடி போங்க!"

ஸ்கூட்டர்காரன் கத்தினான். "ஓட்டத் தெரியலன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே, சிஞோரா!"

"வீட்டுல இருந்து அலுத்துப்போய்த்தான்டா வந்திருக்கேன்! மொதல்ல நீ நகரு!"

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். கொஞ்ச தூரத்தில் சாலை சற்று அகலமாக இருந்தது. அதுவரை போய் மலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் தடவை வண்டி அணைந்துபோனது. இரண்டாம் தடவையும் அணைந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாம் தடவை கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது, சவேரியோ தன் பக்கம் வெளியே நீட்டியிருந்த கண்ணாடியைக் கையாலேயே மடக்கினான். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பாறையைத் தடவினான்.

"ஒரு முழம் இருக்கு" என்றான். குரல் தாழ்ந்து, நிதானமாக இருந்தது. "வா. இன்னும் வா. ஸ்டியரிங்க அப்படியே பிடி. ஒரு சாண். இன்னும் கொஞ்சம். போதும், நிறுத்து."

பஸ் மூச்சுவிட்டுக்கொண்டு கடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகலம்கூட இல்லை. டிரைவர் ஜன்னல் இவர்களுக்கு நேராக வந்ததும் நின்றது. சிவந்த முகம், தடித்த மீசை. சவேரியோவோடு வேலை பார்த்த நுன்சியோ.

"யாரு, சவேரியோவா! நீ பால்கனியில உக்காந்து வேர் விட்டுட்டன்னு சொன்னாங்க?"

"பிடுங்கி எடுத்துட்டு வந்துட்டாங்க."

"ஓட்டறது யாரு?"

"என் வீட்டுக்காரி."

"லைசென்ஸ் இருக்கா?"

"உனக்கு இருக்கா?" என்றாள் எர்சிலியா.

நுன்சியோ வயிறு குலுங்கச் சிரித்தான். "இன்னிக்கு காலையிலருந்து இந்த ரோட்டுல ரிவர்ஸ் எடுக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான், சிஞோரா!"

பஸ் போய்விட்டது. "அப்படி சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"உண்மையத்தானே சொன்ன."

"இருந்தாலும்."

"கியர போடு. பின்னாடி நிக்கறாங்க."

மையோரியில் சாலை கடற்கரையை ஒட்டி நேராக ஓடியது. அன்றைக்கு முதல் தடவையாக மூன்றாவது கியர் போட்டாள். மணல் வெளி, மூடிக் கிடந்த குடைகள், மலைச்சரிவெல்லாம் கறுப்பு வலைக்கு அடியில் எலுமிச்சைத் தோட்டம். அவள் கடலையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். சவேரியோ ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு வந்தான்.

அமால்ஃபி வந்தது. துறைமுகத்தையொட்டி ஒரு இடத்தைக் காட்டி, "இங்க நிறுத்து, நான் எப்பவும் இங்கதான் நிறுத்துவேன்" என்றான். அவள் நிறுத்தினாள்.

"பேராலயம் எந்தப் பக்கம்? ரொம்ப உயரமா படிக்கட்டு இருக்குன்னு சொல்லுவியே."

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா எங்க?"

"அந்த வளைவுக்குள்ள நுழைஞ்சு... எங்கயோ இருக்கு."

"எங்கயோவா? முப்பது வருஷமா வந்திருக்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் உள்ள போனதில்ல."

எர்சிலியாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஒரு தடவ கூடவா?"

"வண்டிய விட்டுட்டு எப்படிப் போறது? போலீஸ்காரன் வந்தா நகத்தணும். ஏசி ஓடிக்கிட்டே இருக்கணும். யாராவது கால் வலின்னு சீக்கிரம் திரும்பி வந்துடுவாங்க. எந்த ஊர்ல எந்த இடத்துல நிழல் விழும், எங்க கழிப்பறை சுத்தமா இருக்கும், அது எனக்குத் தெரியும். மணிச் சத்தம் கேட்டிருக்கேன். நல்லா இருக்கும்."

"அந்த நடிகை பங்களா?"

"கைடு மைக்குல சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டே ஓட்டுவேன்."

"பொசித்தானோ கடற்கரை? ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்து அவ்வளவு சொல்லுவியே!"

"மேலருந்து தெரியும். ஒரு துண்டு."

எர்சிலியா அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த மனுஷன் மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். தான் பள்ளிக்கூடத்துத் தக்காளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவன் உலகத்து அழகையெல்லாம் அனுபவித்துக்கொண்டிருந்தான் என்று எத்தனை இரவு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். இவனோ வெயிலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சிரிப்பு வந்தது.

"ஏன்யா சொல்லல?"

"நீ ஆசையா கேப்ப. நான் என்ன சொல்றது, பார்க்கிங் பத்தியா?"

அவள் பதில் சொல்வதற்குள் விசில் சத்தம் கேட்டது. ஒரு போலீஸ்காரி கை வீசிக்கொண்டு வந்தாள். "சிஞோரா! இது பஸ் நிக்கற இடம்! எடுங்க, எடுங்க!"

எர்சிலியா வண்டியை எடுத்தாள். அமால்ஃபி கண்ணாடியில் பின்னால் போனது. "பொசித்தானோல நீ இறங்கற" என்றாள். கேள்வி இல்லை, வேண்டுகோளும் இல்லை.

பொசித்தானோவில் சாலை ஊரின் தலைமாட்டில்தான் போகும். ஊர் அங்கிருந்து கடலை நோக்கி வீடு வீடாகக் கீழே இறங்கிக் கிடக்கும். அதற்குள் போக வேண்டுமென்றால் படிக்கட்டுதான். சாலையோரத்துக் கார் கொட்டகையில் வண்டியை விட்டார்கள். எர்சிலியா இறங்கிவந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நீ போய்ட்டு வா" என்றான். "நான்..."

"காத்திருந்தது போதும்."

"எர்சிலியா."

"சரி. நானும் போகல." மறுபடி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் எடுத்து மடியில் விரித்தாள். "ரெண்டு பேரும் இங்கயே உக்காந்திருப்போம். நிழல் இருக்கு. கழிப்பறை எங்கன்னு உனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போவோம்."

"பிடிவாதம்."

"ஆமா."

கொட்டகைக்காரன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவள் ரொட்டியைத் தின்று முடித்தாள். ஆப்பிளை நறுக்கினாள். அவனுக்குப் பாதியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில், முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"படி தெரியல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கீழ பாத்தா ஒண்ணுமில்ல. கறுப்பா இருக்கு. கால வைக்கற இடத்த பாத்தா எதிர்ல வர்றவன் தெரியல. எதிர்ல பாத்தா கால் தெரியல. இத்தனை ஜனங்க பாக்க நான் உருண்டு விழணுமா? 'பாவம்'னு இன்னொருத்தன் சொல்லணுமா?"

ஒரு வருஷத்தில் அவன் தன் கண்ணைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எர்சிலியா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆறுதல் சொன்னால் அவன் மறுபடி மூடிக்கொள்வான் என்று தெரியும்.

"நான் முன்னாடி இறங்கறேன். நீ என் தோள்ல கை வச்சுக்க. நான் இறங்கினா நீ இறங்கு. நான் நின்னா நீ நில்லு. காலைல பாறைய தடவி என்ன நிறுத்தினியே, அது மாதிரிதான்."

"உன் தோள்ல கை வச்சுக்கிட்டு ஊருக்கு நடுவுலயா?"

"நாப்பது வருஷம் முன்னாடி கல்யாணத்துல வச்சப்ப வெக்கப்படல."

அவன் டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினான்.

படிகள் செங்குத்தாக இருந்தன. வளைந்து வளைந்து, வெள்ளைச் சுவர்களுக்கும் காகிதப் பூக்கொடிக்கும் நடுவே போயின. தன் தோளில் அவன் விரல்கள் இறுகுவதும் தளர்வதும் அவளுக்குத் தெரிந்தது. "ஒரு படி. இன்னொண்ணு. இங்க அகலம். திருப்பம், இடது பக்கம், சுவர பிடி." கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறிவந்த சுற்றுலாக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு அம்மாள் தன் மொழியில் ஏதோ சொல்லி அவன் முழங்கையைப் பிடிக்க வந்தாள். எர்சிலியா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கை விலகியது.

பாதி வழியில் ஒரு பெரிய கூட்டம் வந்தது. யாருடைய முதுகுப் பையோ சவேரியோவின் தோளில் இடித்தது. பிடி நழுவியது. சத்தம் கேட்டு அவள் திரும்புவதற்குள் அவன் இரண்டு படி சறுக்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்த நிலையில் கிடந்தான். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கோட்டு முழங்கையில் கிழிந்துவிட்டது. கூட்டம் நின்று பார்த்தது.

எர்சிலியா அவன் முன்னால் மண்டியிட்டுக் கையைப் பிடித்தாள். அதுவரை இருந்த வைராக்கியமெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. "போதும். மன்னிச்சுக்க. நான்தான் இழுத்துட்டு வந்தேன். வா, மேல போயிடலாம்."

சவேரியோ கையை விரித்துப் பார்த்தான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் ரத்தத்தைக் கொண்டுவந்து கவனமாகப் பார்த்தான். பிறகு கைக்குட்டையைக் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டான்.

"மேல போறதுக்கும் படிதான இருக்கு?"

"ஆமா."

"கீழ போறதுக்கும் படிதான். அப்ப கீழயே போவோம்."

"சவேரியோ, கை..."

"கை இருக்கட்டும். ஆளுங்கள ஏத்திக்கிட்டு பாதி வழியில வண்டிய நிறுத்தினவன் நான் இல்ல." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, பஸ்ஸில் சொல்கிற அதே குரலில், "வழி விடுங்க, வழி விடுங்க, எல்லாரும் பாத்தாச்சு இல்ல?" என்றான். ஒருவர் சிரித்தார். கூட்டம் கலைந்தது. அவன் அவள் தோளைத் தேடி, இந்த முறை அழுத்திப் பிடித்தான். "போ. கொஞ்சம் மெதுவா. நீ ஓட்டற மாதிரி இறங்காத."

கீழே வந்துசேர்ந்தார்கள். மஞ்சளும் பச்சையும் ஓடு பதித்த கோயில் கூரை, நான்கைந்து உணவுக்கடைகள், அதைத் தாண்டிச் சாம்பல் நிறக் கூழாங்கல் கரை. எர்சிலியா செருப்பைக் கழற்றினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கினாள். ஏப்ரல் மாதத்துக் கடல் கணுக்காலைக் கடித்தது. "ஐயோ!" என்று கத்தினாள்; ஆனால் வெளியே வரவில்லை.

சவேரியோ கரையில் நின்று கடலைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, தலையை நிமிர்த்தி, ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழு ஊரும் அவன் வட்டத்துக்குள் அடங்காது. அதனால் ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். ஒரு ஜன்னல். ஒரு வெள்ளை வளைவு. துணி காயப்போட்ட ஒரு பால்கனி. அடுத்த வீட்டுக்குத் தலையைக் கொஞ்சம் திருப்புவான். கரையில் இருந்தவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அவன் பார்வையாலேயே மெதுவாக மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தான்.

எர்சிலியா ஈரக் காலோடு வந்து பக்கத்தில் நின்றாள். "எங்க இருக்க?"

"இளஞ்சிவப்பு வீடு. ரெண்டாவது மாடி. ஒரு பூனை உக்காந்திருக்கு."

அவள் தேடினாள். அவளுக்குக் கிடைக்கவில்லை. "எங்க பூனை?"

"நான் விரல காட்டற இடத்த பாரு. கண்ணு தெரியுமா தெரியாதா உனக்கு?"

பூனை இருந்தது.

"கீழருந்து பாத்தா வேற ஊரு மாதிரி இருக்கு" என்றான். பிறகு, "பசிக்குது. உன் ஆப்பிள நான் அப்பவே வாங்கியிருக்கணும்" என்றான்.

மேலே போவதற்கு ஊருக்குள் சுற்றும் சின்ன பஸ் இருந்தது. அதில் ஏறினார்கள். காருக்கு வந்து சேர்ந்தபோது எர்சிலியாவுக்குக் கால் துவண்டுவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம். வழியில இருக்கற பிரையானோல தங்குவோம். அமால்ஃபி பேராலயத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

"மாத்துத் துணி இல்ல."

"கிழிஞ்ச கோட்டு இருக்கு. போதும்."

பிரையானோவில், சுற்றுலாப் பருவம் தொடங்காததால் காலியாக இருந்த விடுதி ஒன்றில் அறை கிடைத்தது. விடுதிக்காரி அசுந்தா சவேரியோவின் கையைக் கழுவி மருந்து போட்டாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு அவன், "பொசித்தானோல இறங்கினேன்" என்றான். எர்சிலியா மகளுக்கு போன் செய்தாள். "ரெண்டு பேரும் முழுசா இருக்கோம். அப்பா கொஞ்சம் உரிஞ்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு, மறுமுனையில் கத்தல் தொடங்குவதற்குள் வைத்துவிட்டாள்.

காலையில் கண் விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. பதறிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

அவன் கீழே தெருவில் இருந்தான். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. கையில் அசுந்தாவின் நீளமான கறுப்புக் குடை. அதன் முனையால் முன்னால் தட்டித் தட்டி, இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, படிகளில் இறங்கிக்கொண்டிருந்தான். கீழ்த்தெரு முனையில் காப்பிக் கடை இருந்தது. ஒரு படியில் நின்றான். குடையால் ஆழம் பார்த்தான். அது தரையைத் தொட்டதும் காலை வைத்தான்.

எர்சிலியாவின் வாய் தானாகத் திறந்தது. "இரு, நான் வர்றேன்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூப்பிடக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முந்தின நாள் அந்த மலைச் சாலை முழுக்க ஓட்டியதைவிட, அங்கே பேசாமல் நிற்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் அவன் தடுமாறினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் சுவரில் சாய்ந்து நின்று, எதிரே வந்த ஒரு பெண்ணுக்குக் குடையை உயர்த்தி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கடைக்குள் போய்விட்டான்.

ரொம்ப நேரம் கழித்து அறைக் கதவு தட்டப்பட்டது. அவள் படுக்கையில் உட்கார்ந்து, இப்போதுதான் எழுந்தவள் போல முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கக்கத்தில் குடை. கட்டுப்போட்ட கையில் ஒரு காகிதப் பை. அதற்குள் இரண்டு இனிப்பு ரொட்டி, ஒன்று நசுங்கியிருந்தது.

"இந்த ஊர்க்காரனுக்குக் காப்பி போடத் தெரியல" என்றான். "தண்ணி மாதிரி இருக்கு. அதனால உனக்கு வாங்கல."

"எது எனக்கு? நசுங்கினதா?"

"நசுங்காதது எனக்கு. நான்தான போய் வாங்கினேன்."

நசுங்கினதை அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளே எலுமிச்சைப் பூரணம் இன்னும் சூடாக இருந்தது.

"சீக்கிரம் தின்னு" என்றான் சவேரியோ, ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூ கயிற்றைத் தளர்த்திக்கொண்டு. "அமால்ஃபில கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடணும். அந்த போலீஸ்காரி நிக்காத பக்கம் ஒரு இடம் இருக்கு. எனக்குத் தெரியும்."